இரண்டு பக்கமும் தேய்த்த புளியங்கொட்டை

சம்பந்தி,

கையை எத்தனை தரம் சோப்புப் போட்டுக் கழுவினாலும் பாச்சா உருண்டை வாசனை போக மாட்டேன் என்கிறது. காலியான உன் தகரப் பெட்டியைத் துடைத்து, மொட்டை மாடியில் வெயிலுக்குக் கவிழ்த்து வைத்துவிட்டு இப்போதுதான் இறங்கி வந்தேன். பசுமலை வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ போனதிலிருந்து என் கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டி அது. பெருக்கும்போதெல்லாம் விளக்குமாறு அதில் இடிக்கும். "இரு, உன்னையும் ஒருநாள் கவனிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒருவழியாகக் கவனித்துவிட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

இந்தச் சம்பந்தி முறை நமக்கு வந்த கதையை உன் மகள் கயலிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது எனக்கே நம்ப முடியவில்லை. மேலமாசி வீதிச் சந்தில் நம் காம்பவுண்டு வீட்டில் நமக்குப் பத்து வயசு இருக்கும். மீனாட்சி கல்யாணம் பார்த்துவிட்டு வந்து, பெரியவர்கள் எல்லாம் புதுத் தாலிச்சரடு மாற்றிக்கொண்டு படுத்துவிட்ட மத்தியானம், குழாயடிக்குப் பக்கத்தில் நாமும் ஒரு கல்யாணம் நடத்தினோம். உன்னுடைய மரப்பொம்மை பெண், என்னுடையது மாப்பிள்ளை. தாலி கட்டி முடிந்ததும் பெண் எங்கள் வீட்டுக்குத்தானே வர வேண்டும்? நீ விடவில்லை. "மறுவீட்டுக்கு மொதல்ல எங்க வீட்டுக்குத்தேன்" என்றாய். நான் பொம்மையின் காலைப் பிடித்து இழுத்தேன், நீ கையைப் பல்லால் கவ்விக்கொண்டாய். பொம்மையின் வலது கை உன் வாயோடு போய்விட்டது. அப்புறம் ஆடி பிறந்தால் பெண்ணை அழைக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போவாய், ஆவணி முடிந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டாய். கடைசியில் அவள் உன் பெட்டியிலேயே தங்கிவிட்டாள். வாழாவெட்டி ஆக்கிவிட்டாயே என்று நான் கேட்டால், "என்ன செய்றது சம்பந்தி, ஒங்க வீட்டுல கொடுமை" என்பாய்.

அன்றிலிருந்து உனக்கு நான் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆளாக இல்லை. காலேஜ் பஸ்ஸில், கூட்டத்துக்கு நடுவில், தாவணி போட்ட இரண்டு பெண்கள் "சம்பந்தி, எடம் போட்டுருக்கேன் வாங்க" என்று பேசிக்கொண்டதைக் கேட்டு எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். உனக்கு மகள் பிறந்ததும் என்னை "அத்தை" என்றுதான் கூப்பிடப் பழக்கினாய். "பெரியம்மான்னு கூப்பிட்டா நாளைக்கு ஒம்பயலுக்குக் கட்டிக்குடுக்க முடியாதுல்ல" என்றாய். அப்போது என் மூத்தவன் மூக்கு ஒழுக நின்றுகொண்டிருந்தான்.

அந்தப் பெட்டியை நீ என்னிடம் கொடுத்தது ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது. உன் வீட்டுக்காரரை அனுப்பி எடுத்து வரச் சொல்லி, கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தாய். "எம்புள்ளைக்கு நான் எப்படி இருந்தேன்னு தெரியணும் சம்பந்தி. நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கப்போவுது. இதுல பாத்து எடுத்து வையி. அம்புட்டையும் அள்ளிக் குடுத்துறாத, குப்பைன்னு நெனச்சிரும்" என்றாய். நீயே பிரித்து வையேன் என்றேன். "எனக்கு இப்ப எதப் பாத்தாலும் நல்லாத்தேன் தெரியுது" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வெளியே வந்து வராந்தாவில் நின்று அழுதேன். உனக்குத் தெரிந்திருக்கும்.

பிள்ளை கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிப் போட்டேன். அதற்குள் உன் வீட்டுக்காரர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். கப்பலூரில் ஷிப்டு வேலை பார்க்கிற மனிதர், சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? தனம் என்று பெயர், செக்கானூரணிப் பக்கத்துப் பெண், விவசாயக் குடும்பம். எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்தது. உன் சமையல்கட்டில் அவள் நிற்பதை நினைத்தாலே வயிறு எரியும். ஆகவே விளாங்குடியில் உன் வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். கல்யாணம் காட்சியில் கயலைப் பார்ப்பதோடு சரி.

பொங்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனம் தனியாக பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, பெரியக்காவோட சின்ன வயசுச் சாமான்லாம் ஒங்ககிட்ட இருக்குன்னு சொன்னாக. தை வெள்ளிக்குப் பெட்டி தெறக்கையில அதையும் உள்ள வச்சிரணுமாம். சாமி கேட்டுருச்சு."

பெரியக்கா என்றது உன்னை. சாமி என்றதும் உன்னைத்தான், சம்பந்தி. சுமங்கலியாய்ப் போனவளுக்குப் புதுச்சேலை எடுத்து, ஓலைப்பெட்டியில் வைத்து, வீட்டுச் சாமியாகக் கும்பிடுவது உன் புகுந்த வீட்டு வழக்கம் என்று எனக்குத் தெரியும். உன்னை அந்தப் பெட்டியில் வைத்ததும் தெரியும். ஆனால் நீ ஆள் மேல் இறங்கிப் பேசுகிறாய் என்பது எனக்குப் புதுச்செய்தி. யார் மேல் என்று கேட்டேன். உன் நாத்தனார் மேலாம். உயிரோடு இருந்தவரை ஒருநாள்கூட உன்னோடு ஒத்துப்போகாத அதே மகராசி. உனக்கு வேறு ஆளே அகப்படவில்லையா?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனம் சிரிக்கவில்லை. "பிள்ளைதேன் ரொம்பப் பயப்படுது அக்கா. போன வருசம் சாமி வந்து அதும் தலையப் பிடிச்சு, 'நான்தேன்டி ஒங்கம்மா, எல்லாத்தையும் பாத்துக்கிட்டுருக்கேன், பொய் சொன்னா கண்ணக் குத்திருவேன்'னு கத்துச்சு. அதுலருந்து சாமி ரூமு இருக்குற பக்கமே போக மாட்டேங்குது. பள்ளிக்கூடத்துல மார்க்குக் கொறைஞ்சாக்கூட அந்தக் கதவப் பாத்துப் பாத்து நடுங்குது. நான் சொன்னா எடுபடாது. சித்திக்காரி, மூத்தவகளக் கும்பிட விடாமப் பண்றான்னு ஆயிரும்" என்றாள்.

உன்னை நினைத்துத்தான் உன் பிள்ளை பயந்து நடுங்குகிறாள் என்று கேட்டதும் என் சிரிப்பு போய்விட்டது. பால் குடித்த பிள்ளை. அவளுக்கு ஜுரம் வந்தால் நீ ராத்திரி முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பாய். அந்த வீட்டில் ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. உன் மேல் இருந்த பிரியத்தில்தான் உன்னைக் கும்பிட்டார்கள், கும்பிட்டுக் கும்பிட்டே உன்னை அவளுக்கு அந்நியமாக்கிவிட்டார்கள். இந்தச் சாமானும் ஓலைப்பெட்டிக்குள் போய்விட்டால் அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒருதரம் திறந்து சூடம் காட்டுவார்கள், யாரும் தொட முடியாது. நான் எதைக் கொடுப்பது, எதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் முழித்தேன். அடுத்த சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று மத்தியானம் பெட்டியைத் திறந்து கூடத்தில் கொட்டினேன். வலது பக்கம் ஒரு குவியல், இடது பக்கம் ஒரு குவியல். வலது பக்கம் உன் சின்னக் கொலுசு, பாட்டுப் போட்டியில் வாங்கிய எவர்சில்வர் டம்ளர், தையல் வகுப்பில் ரோஜாப்பூப் போட்ட கைக்குட்டை, டீச்சருக்குப் பக்கத்தில் நல்ல பிள்ளையாய் நீ நிற்கிற போட்டோ. இடது பக்கம் கை போன பொம்மை, தியேட்டர் வாசலில் பொறுக்கிய பிலிம் துண்டுகள், பாதி கடித்த பென்சில்கள், சுருக்குப் பையில் தாயம் விளையாடுகிற புளியங்கொட்டை, கணக்கில் வாங்கிய மார்க்கை உன் அப்பா பார்க்காதபடி மை கொட்டி வைத்த பரீட்சைத் தாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்காக வீட்டை ஒதுங்கவைப்பதுபோல் ஒதுங்கவைத்தேன். தாயை அறியாத பிள்ளைக்குத் தாயின் பெருமைதான் தெரிய வேண்டும் என்று எனக்குப் பட்டது. என் பயல்கள் இரண்டுபேரும் வந்து இடது பக்கக் குவியலில்தான் விழுந்து கிடந்தார்கள். அதட்டி விரட்டினேன். அதிலிருந்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை நல்ல சாமானை ஒரு பையிலும், மற்றதை ஒரு மஞ்சப்பையிலும் போட்டு எடுத்துக்கொண்டேன். மஞ்சப்பையைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைப்பு. அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஓடி ஏறினேன். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி விளாங்குடி பஸ்ஸுக்கு நிற்கும்போதும் பை கையில்தான் இருந்தது. அங்கேயும் ஒரு தொட்டி இருந்தது. மனசு வரவில்லை.

கயல் உன்னை உரித்து வைத்திருக்கிறாள், முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து உட்பட. வாங்க அத்தை என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் நின்றாள். நான் நல்ல பையைப் பிரித்து ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்தேன். இது உங்கம்மா கொலுசு, இது உங்கம்மா பாடி வாங்கினது, இது உங்கம்மா தைத்தது. பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கி, திருநீறு வாங்குவதுபோல் கண்ணில் ஒற்றி, கீழே வைத்துவிட்டாள். எடுத்துப் பார்க்கவில்லை. கொலுசைக் குலுக்கிக்கூடப் பார்க்கவில்லை. போட்டோவை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சட்டென்று சாமி அறைக் கதவைப் பார்த்தாள். நானும் அந்த நாத்தனாரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம் என்று தோன்றியது.

பேச்சு ஓடவில்லை. தனம் காப்பி போட உள்ளே போனாள். சும்மா எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது? மஞ்சப்பைக்குள் கையை விட்டுச் சுருக்குப் பையை எடுத்தேன். "தாயம் ஆடுவோமா?" என்றேன். கயல் சாக்பீஸ் எடுத்து வந்து தரையில் கட்டம் போட்டாள். பையிலிருந்த ஐந்து புளியங்கொட்டையில் நாலை எடுத்தேன். ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெளுத்தது, மறுபக்கம் கறுப்பு. தேய்த்த பக்கம் தட்டை என்பதால் அநேகமாகக் கறுப்புதான் மேலே விழும். ஒன்று மட்டும் வெள்ளையாய் விழுந்தால் தாயம், அது விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும். கயலுக்குத் தாயமாக விழுந்தது. எனக்கும் விழுந்தது. மறுபடி அவளுக்கு. அவள் உருட்டுவதை நிறுத்திவிட்டு, கொட்டையை ஒவ்வொன்றாய் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். உன்னைப் போலவே கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"அத்தை, இது ஒண்ணு ரெண்டு பக்கமும் தேஞ்சிருக்கு. எப்படிப் போட்டாலும் வெள்ளதேன் விழும்."

"ஆமா" என்றேன். "உங்கம்மா வேலை."

"அம்மாவா?"

"நல்ல கொட்டையில ஆடுற மாதிரி ஆடுவா. தோக்குற மாதிரி இருந்தா இதை மாத்தி வச்சிருவா. ரெண்டு வருஷம் நான் கண்டுபிடிக்கவே இல்லை. எனக்குத்தேன் ராசி இல்லன்னு நெனச்சுக்கிட்டுருந்தேன்."

"அம்மா போங்காட்டம் ஆடுவாகளா?" என்று குரலை இறக்கிக் கேட்டாள். சாமிக்குக் கேட்டுவிடக் கூடாதாம்.

"அவ ஆடாத போங்காட்டமா? பொய் வேற சொல்லுவா, அம்புட்டு அழகாச் சொல்லுவா."

கயல் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கொட்டையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப அவுக கண்ண யாரு குத்துனா?"

நான் அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டேன், சம்பந்தி. "ஒருத்தரும் குத்தல தங்கம். கண்டுபிடிச்ச அன்னிக்கு நான் தலையில ஒரு குட்டு வச்சேன். அவ எனக்கு ஒரு ஐஸ் வாங்கிக் குடுத்தா. அதோட சரி."

"அம்புட்டுத்தேனா?"

"அம்புட்டுத்தேன்."

அவளுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறினேன். இல்லை, சிரிக்கிறாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, பொத்தியும் அடங்காமல் தரையில் சாய்ந்து சிரிக்கிறாள். உன் சிரிப்பு அப்படியே. அதைக் கேட்டு ஐந்து வருஷம் ஆகிறது. பிறகு மஞ்சப்பையைக் கவிழ்த்துவிட்டாள். பொம்மைக்கு ஏன் கை இல்லை, பரீட்சைத் தாளில் ஏன் மை, இந்தப் பென்சிலை எல்லாம் தின்றது யார் என்று கேள்விமேல் கேள்வி. பிலிம் துண்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "எனக்குக் கணக்கு வராதது அம்மாகிட்டருந்து வந்ததா?" என்றாள். ஆமாம் என்றேன். பரம சந்தோஷம் அவளுக்கு.

தனம் காப்பித் தம்ளரோடு வாசற்படியில் நின்றது எவ்வளவு நேரமோ எனக்குத் தெரியாது. காப்பி ஆறிப்போயிருந்தது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு கட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரு காய் குடுங்க" என்றாள். கயல் அவள் கண்ணெதிரிலேயே கொட்டையை மாற்றி மாற்றி வைத்து அவளைத் தோற்கடித்தாள். தெரிந்தும் தெரியாததுபோல் தோற்றுக்கொண்டிருந்தாள் தனம். அந்த இடத்தில் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. உன்னிடம் மறைத்து என்ன, அவள் சமையல்கட்டில் நிற்பது இப்போது எனக்கு உறுத்தவில்லை.

கயல் பொம்மையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் காட்ட ஓடியதும் தனம் என்னிடம் சொன்னாள்: "ஒண்ணு சொல்லவா அக்கா? பிள்ளைக்கு மட்டும் இல்ல, எனக்கும் அவுககிட்டப் பயம்தேன். கல்யாணமாகி வந்ததுலருந்து சாமியோட குடித்தனம் பண்ணிக்கிட்டுருக்கேன். ஒப்புக்கு ஒரு கொழம்பு வச்சாக்கூட அவுக எப்படி வச்சிருப்பாகளோன்னு மூணு தரம் உப்புப் பாப்பேன். அவுகளும் நம்மளமாரி பொம்பளதேன்னு தெரிஞ்சு இன்னிக்குத்தேன் மூச்சு வருது."

உன் குழம்பின் லட்சணத்தை அவளிடம் சொன்னேன். புளிக்கரைசலை ஊற்ற மறந்து நீ வைத்த குழம்பை உன் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கு என்று சொன்ன கதையையும் சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பிரிக்க வேண்டியதை அப்புறம் நாங்கள் மூன்று பேருமாகப் பிரித்தோம். ஐந்து நிமிஷ வேலை. கொலுசும் டம்ளரும் கைக்குட்டையும் ஓலைப்பெட்டிக்கு. உன் நாத்தனாரும் மனம் குளிர வேண்டுமே, அவளும் அந்த வீட்டுப் பெண்தான். மஞ்சப்பை முழுவதும் கயலுக்கு. நல்ல பிள்ளையாய் நிற்கிற போட்டோவை மட்டும் அவள் எங்கே வைப்பது என்று யோசித்து, கடைசியில் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். தை வெள்ளியன்று வழக்கம்போல் நீ இறங்கினாயாம். கயல் ஓடி ஒளியவில்லையாம். தனத்தின் காதோடு, "சித்தி, எங்கம்மா இப்படிக் கத்த மாட்டாக, அத்தை சொன்னாக" என்றாளாம். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு திருநீறு வாங்கினார்களாம்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து என் பெட்டியையும் திறந்து பார்த்தேன். என் பயல்களுக்கென்று நான் இதுவரை சேர்த்து வைத்திருந்தது முழுக்க சர்டிபிகேட்டும் கோப்பையுமாக இருந்தது. நான் அழுதது, அடி வாங்கியது, தோற்றது ஒன்றுகூட அதில் இல்லை. அவற்றை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு, நீ எனக்குப் பரீட்சையில் பிட்டு எழுதித் தந்த ரப்பரை மேலே வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இதையா பிள்ளைகளுக்குக் குடுக்கப்போற?" என்றார். இதைத்தான் என்றேன்.

இப்போது சனிக்கிழமை என்றால் விளாங்குடி எனக்குக் கட்டாயம். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கயல் வந்து நிற்பாள். "அத்தை, இன்னிக்கு அம்மா செஞ்ச தப்பு" என்பாள். வாரம் ஒன்று வேண்டும் அவளுக்கு. சுவர் ஏறிக் குதித்தது, டீச்சர் குடையை ஒளித்து வைத்தது, கோயில் பொற்றாமரைக் குளத்துப் படியில் தானே வழுக்கி விழுந்துவிட்டு நான் தள்ளிவிட்டதாகச் சொன்னது எல்லாம் ஆகிவிட்டது. தனம் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும், அது சட்டம்.

போன வாரம் பஸ் ஏறப் புறப்பட்டபோது கயல் என் பையைப் பிடித்துக்கொண்டு, முகம் கொஞ்சம் வாடி, "அம்மா தப்பு இன்னும் எம்புட்டு இருக்கு அத்தை? சீக்கிரம் தீந்துருமா?" என்று கேட்டாள்.

உன்னைத் தெரிந்தவள் என்ற முறையில் என்னால் உறுதியாகவே சொல்ல முடிந்தது. "கவலப்படாத தங்கம், ஒங்கல்யாணம் வரைக்கும் தாங்கும்" என்றேன். பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

நீ ஒழுங்கான பிள்ளையாக இருந்து தொலைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன், சம்பந்தி?